எத்தனை மீட்டர் துல்லியம் தேவை? இணைய வரைபடச் செயலிகளும் இடம் சார்ந்த விளம்பரங்களும்: வாசகர் கேள்வி–பதில்

இணைய வரைபடத்தின் மீது செயலிகளை உருவாக்குவது குறித்தும், ஒருவர் இருக்கும் இடத்தை அறிந்து விளம்பரம் காட்டுவது குறித்தும் வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்டு வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் கணினி அறிவியல் மாணவி. வரைபடத்தில் இயங்கும் இணையச் செயலி ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்ய நினைக்கிறேன். கூகுள் மேப்ஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸ் ஒரு நிறுவனம் வழங்கும் சேவை. வரைபடம், முகவரித் தேடல், வழி காட்டுதல் என அனைத்தையும் அதன் ஏபிஐ (ஒரு சேவையைப் பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்துவதற்கான இடைமுகம்) வழியாகப் பெறலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தெருத் தெருவாகச் சேர்த்துவரும் தரவுத்தொகுப்பு. தரவு மட்டும் இருந்தால் திரையில் எதுவும் தெரியாது. அதைப் படமாக்கித் தரும் ஒரு சர்வரும், அந்தப் படத்தைப் பக்கத்தில் பொருத்தி, இழுக்கவும் பெரிதாக்கவும் வழிசெய்யும் லீஃப்லெட் போன்ற ஒரு நிரலகமும் சேர்ந்தால்தான் அது வரைபடமாகும்.

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வெளிவந்தபோது, வெளியார் பயன்படுத்துவதற்கான ஏபிஐ எதுவும் இருக்கவில்லை. பால் ரேட்மாக்கர் என்ற நிரலாளர் அதன் ஜாவாஸ்கிரிப்ட் இயங்கும் விதத்தைத் தாமே ஆராய்ந்து புரிந்துகொண்டு, கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பரத் தளத்தில் வந்த வீட்டு விளம்பரங்களை அந்த வரைபடத்தின் மேல் குறிகளாக வைத்துக் காட்டினார். அதே ஆண்டு ஜூனில் கூகுள் முறையான ஏபிஐயை வெளியிட்டது. வரைபடச் செயலியும் இடம் சார்ந்த விளம்பரமும் உடன்பிறந்தவை என்று நான் வகுப்புகளில் சொல்வது இதனால்தான்.

உங்கள் திட்டப்பணிக்கு லீஃப்லெட்டையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவையும் பரிந்துரைக்கிறேன். செலவைக் கருதி இதைச் சொல்லவில்லை. உள்ளே நடப்பதை அடுக்கடுக்காகப் பார்த்துக் கற்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு வரைபடத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். 256 பிக்சல் பக்க அளவுள்ள சிறு சதுரப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வது தெரியும். இவற்றை டைல்கள் என்கிறோம். ஜூம் 0இல் உலகம் முழுவதும் ஒரே டைலில் அடங்கிவிடும். ஜூம் ஒரு நிலை கூடும்போதெல்லாம் ஒவ்வொரு டைலும் நான்காகப் பிரியும். ஜூம் 18க்கு வரும்போது எண்ணிக்கை 6,800 கோடியைத் தாண்டிவிடும். ஆனாலும் எந்த டைலைக் கேட்பதற்கும் ஜூம், நெடுவரிசை, கிடைவரிசை ஆகிய மூன்று எண்களே போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அமைப்பின் பொது டைல் சர்வர்கள் நன்கொடையில் இயங்குபவை. திட்டப்பணியைக் காட்டுவதற்கு அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் செயலி வணிகமாக வளர்ந்தால் வேறு டைல் சேவைக்கு மாறிவிட வேண்டும். வரைபடத்தின் மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களைக் குறிப்பிடும் வரியும் கட்டாயம் இருக்க வேண்டும்; அது தரவின் உரிம நிபந்தனை. கூகுளைத் தேர்ந்தெடுப்பவர்கள், 2018 முதல் ஏபிஐ சாவியோடு கட்டணக் கணக்கும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும், அங்கிருந்து பெறும் தரவைத் தங்கள் தரவுத்தளத்தில் சேமித்து வைக்கக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: என் பட்டியலில் உள்ள இடங்களை வரைபடத்தில் போட்டால், பல குறிகள் கடலில் போய் நிற்கின்றன. ஆள்கூறுகளைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். பிழை எங்கே இருக்கும்?

பதில்: பெரும்பாலும் எண்கள் சரியாகவே இருக்கும், அவற்றின் வரிசை மாறியிருக்கும். லீஃப்லெட் அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையை அடுத்தும் எதிர்பார்க்கிறது. இடத் தரவை எழுதிப் பகிரப் பயன்படும் ஜியோஜேசன் வடிவமோ தீர்க்கரேகையைத்தான் முதலில் வைக்கிறது. 2016இல் வெளியான அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 7946 இதைத் தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. ஈஃபெல் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்சரேகை 48.8584, தீர்க்கரேகை 2.2945. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால், கோபுரம் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய் நிற்கும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராது, ஏனென்றால் மாற்றிக் கொடுத்த எண்களும் செல்லுபடியாகும் ஆள்கூறுகளே.

குறிகள் எல்லாம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கினி வளைகுடாவில் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால் காரணம் வேறு. ஆள்கூறு காலியாக இருந்த பதிவுகளை உங்கள் நிரல் பூச்சியமாக மாற்றியிருக்கிறது. பூச்சியம், பூச்சியம் என்ற அந்தப் புள்ளியை நிரலாளர்கள் நல் ஐலண்ட் (Null Island, வெற்றுத் தீவு) என்று அழைக்கிறார்கள்; அங்கே தீவு எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் வரைபடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகள் உள்ளன. கைபேசியில் பக்கம் திறப்பதற்குள் பயனர் போய்விடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: பத்தாயிரம் குறிகளையும் யாரும் ஒரே நேரத்தில் பார்க்கப் போவதில்லை. திரையில் தெரியும் செவ்வகத்தின் நான்கு எல்லைகளைச் சர்வருக்கு அனுப்பி, அதற்குள் உள்ளவற்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். நெருக்கமாக உள்ளவற்றை ஒரே வட்டமாகச் சேர்த்து, எத்தனை என்று எண்ணிட்டுக் காட்டுங்கள். தரவுத்தளத்தில் இடஞ்சார் குறியீடு (இடத்தைக் கொண்டு பதிவுகளை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் இண்டெக்ஸ்) போட மறந்துவிடாதீர்கள்; அது இல்லாவிட்டால், சிறு செவ்வகத்துக்கும் தரவு அட்டவணை முழுவதையும் வரிவரியாகப் படிக்க நேரும்.

கேள்வி: ஒரு சிறு விளம்பர நிறுவனம் நடத்துகிறேன். வாடிக்கையாளரின் கடையைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டும்படி அமைத்திருந்தேன். அறிக்கையைப் பார்த்தால் வெகுதொலைவிலிருந்தெல்லாம் கிளிக் வந்திருக்கிறது. ஏன் இப்படி நடக்கிறது? எங்கள் சொந்தச் செயலியில் காட்டும் விளம்பரங்களிலும் இதே குறை தெரிகிறது.

பதில்: இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் பலர் அனுப்பியிருக்கிறார்கள். காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்.

கூகுள் விளம்பரச் சேவையைப் பயன்படுத்தியிருந்தால், இட அமைப்பில் உள்ள ஒரு தேர்வை முதலில் பாருங்கள். குறித்த இடத்தில் இருப்பவர்களோடு, அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் தேர்வுதான் அங்கே முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். வேறொரு நாட்டிலிருந்து அந்தப் பகுதியைத் தேடியவருக்கும் உங்கள் விளம்பரம் போகும். சுற்றுலா விடுதிக்கு அது பயனுள்ளதுதான். நடந்து வரும் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் கடைக்கு வீண் செலவு. அந்த இடத்தில் இருப்பவர்கள், வழக்கமாக அங்கே வந்து போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் என்ற தேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, இடம் எப்படி அறியப்படுகிறது என்பது. திறந்த வெளியில் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது குறைந்துவிடும். வைஃபை, கைபேசிக் கோபுரங்கள் ஆகியவற்றைக் கொண்டு கணிப்பது இன்னும் பரந்த கணிப்பு. மேசைக் கணினியில் வெறும் ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குரிய எண்ணை) மட்டும் கொண்டு கணித்தால், பல நேரங்களில் ஊரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. விபிஎன் (இணைப்பை வேறிடத்துச் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) வழியாக வருபவர் வேறு நாட்டில் இருப்பதாகவே தெரிவார். உலாவி இடத்தைத் தரும்போது, அதனுடன் துல்லிய அளவையும் மீட்டரில் தருகிறது. பலர் அந்த எண்ணைப் படிப்பதே இல்லை. அது 5,000 என்று இருக்கும்போது 2 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கிறாரா என்று சோதிப்பதில் பொருளில்லை. அப்போது வட்டத்தைக் கைவிட்டு, நகரம் முழுமைக்குமான பொது விளம்பரத்தைக் காட்டுவதே நேர்மையான வழி.

உங்கள் சொந்தச் செயலியில் நிரலையும் பாருங்கள். என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானே செய்த பிழை ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. இடத் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில், இரு புள்ளிகள் குறித்த தூரத்துக்குள் இருக்கின்றனவா என்று கேட்கும் வினவலில் 2000 என்று எழுதியிருந்தேன். மீட்டர் என்று நினைத்துக்கொண்டேன். புள்ளிகளோ ஜியோமெட்ரி வகையில், டிகிரி அலகில் சேமிக்கப்பட்டிருந்தன. 2000 டிகிரிக்குள் உலகத்தில் எந்த இடம்தான் வராது? ஒவ்வொரு விளம்பரமும் எல்லோருக்கும் போயிற்று. ஜியோகிராஃபி வகைக்கு மாற்றினால் அதே எண் மீட்டராக எடுத்துக்கொள்ளப்படும். மீட்டரை டிகிரியாக மாற்றி எழுதுவதும் தீர்வாகாது: தீர்க்கரேகையின் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் சுமார் 111 கிலோமீட்டர், 60ஆவது அட்சரேகையிலோ அதில் பாதிதான்; ஆகவே டிகிரியில் வரைந்த வட்டம் தரையில் நீள்வட்டமாகிவிடும்.

வட்டம் சரியாக இருந்தாலும் அது உங்கள் கேள்விக்குச் சரியான விடைதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடை ஆற்றின் ஒரு கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் நிற்பவர் நேர்க்கோட்டில் 600 மீட்டர் தொலைவில் இருக்கிறார். பாலமோ 4 கிலோமீட்டருக்கு அப்பால். வட்டத்தின்படி அவர் அண்டை வீட்டுக்காரர். கால்களின்படி வெகுதூரத்துக்காரர். பத்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய பரப்பைச் சாலைத் தரவிலிருந்து கணக்கிட்டு வரைந்துதரும் வழிகாட்டல் நிரல்கள் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், எந்தப் புதிய இலக்கு உத்தியையும்விட, வட்டத்தைப் பயண நேரப் பரப்பாக மாற்றுவதுதான் சிறு வணிகருக்கு முதலில் பலன் தரும்.

கேள்வி: எங்கள் செயலியின் வரைபடத்திலேயே கட்டணம் செலுத்தும் கடைகளின் குறிகளைக் காட்ட விரும்புகிறோம். பயனர்கள் எரிச்சலடையாமல் இதை எப்படிச் செய்வது?

பதில்: வரைபடத்தை மக்கள் பார்ப்பது நம்பிக்கையோடு. செய்தித்தாளில் விளம்பரத்தைப் பார்த்தால் ஒதுக்கிவிட்டுப் போகும் அதே மனிதர், வரைபடத்தில் ஒரு குறியைப் பார்த்தால் அதை நோக்கி நடந்து போய்விடுகிறார். எனவே, கட்டணம் பெற்ற குறியில் ‘விளம்பரம்’ என்ற சொல் தெளிவாகத் தெரிய வேண்டும். நிற வேறுபாடு மட்டும் போதாது, நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் பயனர்களே. குறியைச் சற்றுப் பெரிதாகக் காட்டலாம், முன்னதாகத் தோன்றச் செய்யலாம். அதன் இடத்தை ஒரு மீட்டரும் நகர்த்தக் கூடாது. கட்டணம் செலுத்தாத போட்டியாளரின் குறியை மறைக்கவும் கூடாது. மருந்தகத்தைத் தேடுபவருக்கு மிக அருகில் இருக்கும் மருந்தகம் தெரிந்தே ஆக வேண்டும், அது பணம் தந்திருந்தாலும் தராவிட்டாலும்.

கேட்கப்படாதபோது விளம்பரம் குறுக்கே வருவதைவிட, தேடலுக்கு விடையாக வருவதே இரு தரப்புக்கும் நல்லது. ஒருவர் சைக்கிள் பழுதுபார்க்கும் இடத்தைத் தேடும்போது அங்கே தோன்றும் விளம்பரக் குறி தகவலாகவே பயன்படுகிறது. அவர் வழியைப் பார்த்தபடி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது திரையை மறைக்கும் அட்டையோ ஆபத்து. வழிகாட்டல் ஓடிக்கொண்டிருக்கும் திரையில் விளம்பரமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பணி தொடங்கும் முன், நீங்கள் பயன்படுத்தும் வரைபடச் சேவையின் நிபந்தனைகளையும் படியுங்கள். தன் வரைபடத்தின் மேல் பிறர் விளம்பரம் வைப்பதற்கு ஒவ்வொரு சேவையும் தனக்கென விதிகள் வைத்திருக்கிறது.

கேள்வி: பக்கம் திறந்ததும் இட அனுமதி கேட்கிறோம். பெரும்பாலோர் மறுத்துவிடுகிறார்கள். சோதனைத் தளத்திலோ அனுமதிப் பெட்டி தோன்றுவதே இல்லை.

பதில்: சோதனைத் தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் இயங்குகிறது என்று நினைக்கிறேன். 2016இல் வந்த குரோம் 50ஆவது பதிப்பு முதல், பாதுகாப்பற்ற இணைப்பில் உள்ள பக்கங்களுக்கு இடத் தகவல் தரப்படுவதில்லை. பிற உலாவிகளிலும் இன்று அதே நிலைதான். உங்கள் சொந்தக் கணினியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு மட்டும் விலக்கு உண்டு.

மறுப்புக்கான காரணம் நேரம். வந்தவர் யார், இந்தப் பக்கம் எதற்கு என்பதே தெரியாத முதல் நொடியில், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். ஒருமுறை மறுத்துவிட்டால் பல உலாவிகள் அதன்பின் பெட்டியைக் காட்டுவதே இல்லை; பயனர் அமைப்புகளுக்குள் போய் மாற்றினால்தான் உண்டு. எனவே ‘எனக்கு அருகில் காட்டு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதை அவர் அழுத்தும்போது கேளுங்கள். பக்கத்திலேயே, ஊர்ப் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ தட்டச்சு செய்யும் பெட்டியும் இருக்கட்டும். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல் பயனர்கள் தோராயமான இடத்தை மட்டும் தரத் தேர்வு செய்யலாம். அருகிலுள்ள கடைகளைப் பட்டியலிட அந்தத் தோராயமே பெரும்பாலும் போதும். அதை மறுத்துத் துல்லிய இடத்தை வற்புறுத்தும் செயலிகள் தேவையற்றதைக் கேட்கின்றன.

கேள்வி: கடையைக் கடந்து செல்பவரின் கைபேசிக்கு அந்த நொடியே சலுகை அறிவிப்பு போக வேண்டும். இணையச் செயலியில் இது முடியுமா?

பதில்: முடியாது. பக்கம் மூடப்பட்ட பிறகு பின்னணியில் இருந்து இடத்தைக் கவனிக்கும் வசதி இணையச் செயலிகளுக்கு இல்லை. கைபேசியில் நிறுவப்படும் செயலியில் புவிவேலி, அதாவது ஒருவர் நுழைந்தாலோ வெளியேறினாலோ செயலிக்குத் தெரியவரும் எல்லை, அமைக்கலாம். அங்கும் ஒரு செயலிக்கு ஐஓஎஸ் 20 பகுதிகளையும், ஆண்ட்ராய்டு 100 பகுதிகளையும் மட்டுமே ஒரே நேரத்தில் கண்காணிக்கும். வேலியின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் வரை இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதலே சொல்கிறது. கடை வாசலில் நிற்பவரைத் துல்லியமாகப் பிடிப்பது என்பது விற்பனைப் பேச்சில் கேட்பதைவிடக் கடினமான காரியம்.

கேள்வி: விளம்பர அறிக்கைக்காக ஓராண்டாகப் பயனர்களின் இடத் தரவைச் சேமித்து வைத்திருக்கிறோம். பெயர், தொலைபேசி எண் எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே உண்டு. இதில் சிக்கல் ஏதும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய சிக்கல். இரவு தோறும் ஒரு புள்ளி, பகல் தோறும் ஒரு புள்ளி என்று ஓராண்டுக்கு ஒரே எண்ணின் கீழ் பதிவாகியிருந்தால், முதலாவது அவருடைய வீடு, இரண்டாவது அவருடைய பணியிடம். பெயரைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? பதினைந்து லட்சம் பேரின் பதினைந்து மாதக் கைபேசித் தரவை ஆராய்ந்து, இவ்-அலெக்ஸாண்டர் டி மோன்ட்ஜோய் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இடமும் நேரமும் கொண்ட நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணப் போதுமானவை. கூட்டாகக் காட்டினாலும் கவனம் தேவை. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட வெப்ப வரைபடத்தில் (நடமாட்டம் மிகுந்த தடங்களைப் பிரகாசமாகக் காட்டும் வரைபடத்தில்) எந்தப் பெயரும் இல்லை. ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிகளில், வீரர்கள் ஓடிய தடங்களே இராணுவத் தளங்களின் வடிவத்தைக் காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் தெரியவந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், ஒருவரை அடையாளம் காட்டக்கூடியவற்றுள் இடத் தரவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சட்டம் எதுவாயினும், உங்கள் அறிக்கைக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் என்றால் சுமார் ஒரு மீட்டர். மூன்று என்றால் 111 மீட்டர். இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எந்தப் பகுதியில் விளம்பரம் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று சொல்ல இரண்டு இலக்கமே போதும். ஆனால் இலக்கத்தைக் குறைப்பது மட்டும் போதாது. புள்ளிகளை ஒரே ஆளோடு கோத்துவைத்திருக்கும் அந்த எண்தான் முதன்மையான ஆபத்து, ஏனென்றால் தோராயப் புள்ளிகளும் ஒன்றாகக் கோக்கப்பட்டால் மீண்டும் ஒரு மனிதரின் அன்றாடமாகிவிடும்.

ஆகவே முதலில், நிலப்பரப்பைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு, நாளுக்கு எத்தனை பார்வை, எத்தனை கிளிக் என்ற எண்ணிக்கைகளை மட்டும் புதிய அட்டவணைக்கு மாற்றுங்கள். வெகுசிலர் மட்டுமே உள்ள கட்டங்களை அறிக்கையில் காட்டாதீர்கள். எண்ணிக்கைகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பழைய அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள்வாரியான பழைய அட்டவணையை அழித்துவிடுங்கள். அதன்பின், அதே அட்டவணை காப்பு நகல்களிலும், சர்வரின் பதிவுக் கோப்புகளிலும், எப்போதோ யாரோ ஆய்வுக்கென்று இறக்கி வைத்த விரிதாள்களிலும் கிடக்கிறதா என்று தேடுங்கள். அவற்றையும் அழித்தால்தான் அந்த ஓராண்டுத் தரவு உண்மையில் அழிந்ததாகும்.